ஐஸில் ஒரு பாதி, சூட்டில் ஒரு பாதி

உயிரோடிருப்பவரிடமிருந்து கல்லீரல் தானம் பெறும் அறுவை நடக்கும் நாளில், பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர்களில் ஒரே கல்லீரலின் இரண்டு துண்டுகளுக்கு நேரெதிரான உபசாரம் நடக்கும். கொடுப்பவரின் வலது மடல் வெளியே வந்த மறு நிமிடமே ஐஸ் கூழ் நிரப்பிய கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். 4 டிகிரிக்குக் குளிர்ந்த கரைசலை, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியே ஓடவிடுவார்கள். ரத்தம் முழுக்கக் கழுவப்பட்டு, செம்பழுப்பு நிறம் வெளுத்து, வெளியேறும் நீர் தெளியும் வரை ஓடும். மிச்சமிருக்கும் இடது மடலோ கொடுத்தவரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அவர் மேல் சூடான காற்று ஊதும் போர்வை, அவருக்கு ஏறும் சலைனுக்குத் தனியே ஒரு சூடேற்றி, உணவுக்குழாய்க்குள் ஒரு வெப்பமானிக் கம்பி. திரையில் எண் 36-க்குக் கீழே போனால் மயக்க மருத்துவரின் முகம் மாறிவிடும்.

இதைக் கேள்விப்படும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எடுத்த ஈரலை ஐஸில் வைத்துக் காப்பாற்றுகிறீர்கள், வெட்டுப்பட்ட ஈரலை மட்டும் ஏன் சூட்டிலேயே போட்டு வைத்திருக்கிறீர்கள்? அதையும் கொஞ்சம் குளிர வைத்தால் ஓய்வு கிடைக்காதா, சீக்கிரம் வளராதா?" அபத்தமான கேள்வி இல்லை இது. மருத்துவம் படித்தவர்களிடமும் இதன் படித்த வடிவம் உண்டு: குளிர்வித்தால் வளர்சிதை மாற்றம் குறையும், குறைந்தால் ஆக்ஸிஜன் தேவை குறையும், காயம்பட்ட உறுப்புக்கு அது நல்லதுதானே? ஒவ்வொரு படியும் சரி. வந்து சேரும் இடம்தான் தப்பு. எங்கே தப்பியது என்று தேடப் போனால், கல்லீரல் எப்படி வளர்கிறது என்பதையே இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

குளிர் எதைச் செய்கிறது

வெப்பம் 10 டிகிரி இறங்கினால் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 37-லிருந்து 4-க்கு வந்த திசுவில் பழைய வேலையில் பத்தில் ஒரு பங்குதான் நடக்கிறது. ரத்தம் வராத உறுப்புக்கு இது உயிர்ப்பிச்சை. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பது பூஜ்யம் அல்ல. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. கையிருப்பு மெல்லக் கரைகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் குளிரில் ஏற்கெனவே தள்ளாடுகிறது. சோடியம் உள்ளே வர, கூடவே தண்ணீரும் வர, செல் ஊதுகிறது. வெறும் ஐஸ்நீர் போதாது, கரைசல் வேண்டும் என்பது இதனால்தான். 1980-களின் பிற்பாதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதார்டும் உருவாக்கிய யூ.டபிள்யூ. கரைசல், செல்லின் உட்புறத்தைப் போலவே பொட்டாசியம் மிகுந்தது. லிட்டருக்கு 120 மில்லிமோலுக்குக் குறையாது. லாக்டோபயோனேட், ராஃபினோஸ் போன்ற பெரிய மூலக்கூறுகள் செல்லுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்று தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்கு முன் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பொருத்தியே ஆக வேண்டிய கல்லீரல், அதன்பின் 12 மணி நேரம் தாக்குப்பிடித்தது. எச்.டி.கே. என்ற இன்னொரு பாதுகாப்புக் கரைசல் வேறு ஜாதி: பொட்டாசியம் குறைவு, தண்ணீர் போல நீர்த்தது, நுண்குழாய்களுக்குள் சுலபமாக ஓடும். உயிருள்ள கொடையாளியின் துண்டைக் கழுவ அதை விரும்புகிறவர்கள் பலர்.

குளிரிலும் தவறு நடக்கும். ஐஸ் கட்டி நேரடியாகப் பட்ட இடத்தில் திசு உறைந்து செத்துப்போகும். தொலைவிலிருந்து வரும் கல்லீரலை மூன்று பைகளில் போடுவது அதற்காகத்தான்: உள்பையில் உறுப்பும் கரைசலும், நடுப்பையில் குளிர்ந்த திரவம், வெளிப்பையைச் சுற்றி ஐஸ். காற்று உள்ளே நிற்கக் கூடாது. காற்றுக் குமிழ் பட்ட பக்கம் சரியாகக் குளிராது. இவ்வளவு கவனித்தாலும் ஒரு நஷ்டம் உறுதி. ரத்தமில்லாத வெப்பத்தில் முதலில் சாகிறவை கல்லீரல் செல்கள். குளிரிலோ அவை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன, அடிபடுவது சைனுசாய்டு என்கிற நுண்குழாய்களின் உட்சுவரில் பாய்போல் விரிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள். அவை சுருண்டு, பற்று விட்டு, ரத்தம் திரும்ப வந்ததும் உதிர்கின்றன. இந்தச் செல்களைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும், ஏனென்றால் வளர்ச்சிக்கான சமிக்ஞையில் ஒரு பகுதி இவற்றிடமிருந்துதான் வருகிறது.

குளிர் செய்வதை ஒரு வரியில் சொல்ல நம் வீட்டு இட்லி மாவே போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் புளிக்காது, பொங்கவும் பொங்காது. ஒன்றை மட்டும் நிறுத்தி இன்னொன்றை நடக்கவிடும் குளிர் கிடையாது.

மீந்த துண்டின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் 1200 கிராம் என்று வையுங்கள். வலது மடலை எடுத்தபின் 35 சதவீதம் மிஞ்சினால் 420 கிராம். கொடையாளிக்கு 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான எல்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் என்றால் அந்த எல்லை இன்னும் மேலே ஏறும். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் வருகிறது. அறுவைக்கு முந்தைய நிமிடம் 1200 கிராமுக்குள் பரவிய அந்த லிட்டர், பிந்தைய நிமிடம் 420 கிராமுக்குள் பாய்கிறது. ஒவ்வொரு கிராமுக்கும் கிட்டத்தட்ட மும்மடங்கு ஓட்டம். நுண்குழாய்ச் சுவர்களில் இந்த உராய்வுதான் வளர்ச்சிக்கான முதல் தட்டு. அளவோடு இருந்தால் வளர்ச்சி. மிஞ்சினால் அதே ஓட்டம் துண்டை வீங்கவைத்துச் சிதைக்கும். பெறுபவரின் உடலில் சிறிய துண்டை வைக்கும்போது போர்ட்டல் அழுத்தத்தை அளந்து, அது 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேலே நின்றால் மண்ணீரல் தமனியைக் கட்டி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். எந்த அறுவையிலும் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது: ஒரு உறுப்பின் உணவையே குறைத்து அதைக் காப்பாற்றுவது.

பலர் நினைப்பதுபோல வெட்டிய மடல் முளைத்து வருவதில்லை. பல்லி வால் கதையல்ல இது. மீந்த துண்டு, தன் பழைய வடிவத்தில் அல்லாமல், இடமிருக்கும் பக்கமெல்லாம் பருத்து மொத்த எடையை ஈடுகட்டுகிறது. அதனால்தான் வலது மடலை எடுத்தபின், இடது மடலைத் தாங்கும் ஃபால்சிஃபார்ம் இணைப்பை வயிற்றுச் சுவரோடு திரும்பத் தைத்து வைக்கிறார்கள். இல்லையேல் காலியான வலப்பக்கத்துக்கு மீந்த துண்டு உருண்டு, வெளியேறும் சிரை முறுக்கிக்கொள்ளும்.

வளர்ச்சியின் கால அட்டவணையை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தது எலிகள். 1931-ல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியின் நடு மடலையும் இடப்பக்க மடலையும் கட்டி அறுத்து, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுக்கும் முறையை விவரித்தார்கள், இன்றும் அதேதான். எலியில் டி.என்.ஏ. நகலெடுப்பு சுமார் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும். சுண்டெலியில் அதற்கும் தாமதம், ஒன்றரை நாளுக்குமேல். 7 முதல் 10 நாளில் எலியின் கல்லீரல் பழைய எடைக்கு வந்துவிடும். மனிதரில் பெரும்பாய்ச்சல் முதல் இரண்டு வாரங்களில், பிறகு மெதுவாக மாதக்கணக்கில். இந்த வரிசைக்குத் தொடக்க மணி அடிப்பது அறுவை முடிந்த முதல் சில மணி நேரங்களில். கல்லீரலில் குடியிருக்கும் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்களையும் சுரக்கின்றன, தூங்கிக்கொண்டிருந்த கல்லீரல் செல்கள் பிரிவுக்குத் தயாராகின்றன, பிறகு எச்.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் அவற்றை நகலெடுப்புக்குத் தள்ளுகின்றன. இன்டர்லூக்கின்-6 மரபணு இல்லாத சுண்டெலிகளில் வளர்ச்சி தடுமாறுவதை 1996-லேயே காட்டிவிட்டார்கள். எச்.ஜி.எஃப்-ஐச் சுரப்பவற்றில் முக்கியமானவை, குளிரில் உதிரும் என்று மேலே சொன்ன அந்த எண்டோதீலியச் செல்கள்.

இப்போது "ஓய்வு" வாதத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 420 கிராம் திசு, 60 கிலோ உடலுக்குத் தேவையான ரத்தம் உறையும் புரதங்களைச் செய்ய வேண்டும், சர்க்கரையை விடாமல் கொடுக்க வேண்டும், லாக்டேட் என்ற கழிவை அப்புறப்படுத்த வேண்டும். அதே நேரத்தில் தன் செல்களில் டி.என்.ஏ-வை நகலெடுத்துப் பிரியவும் வேண்டும். உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வளர்சிதை வேகம் 6 முதல் 7 சதவீதம் விழும். விழுவது இந்த வேலைகள்தான். ஓய்வு என்று தனியே ஒதுக்கிவைத்த பொருள் ஏதும் அங்கே இல்லை. குளிர்காலத்தில் உறங்கும் தரை அணில்கள் இதற்கு இயற்கை வைத்திருக்கும் சாட்சி. உடல் சில டிகிரிக்கு இறங்கிக் கிடக்கும் நாட்களில் செல் பிரிவு கிட்டத்தட்ட நின்றுபோகும். இடையிடையே அவை எழுந்து சூடாகும் சில மணி நேரங்களில் மீண்டும் நடக்கும்.

கிளாம்ப் திறக்கும் நிமிடம்

ஒரே துண்டு குளிரின் சட்டத்திலிருந்து வெப்பத்தின் சட்டத்துக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டால் கேள்வி தானாகக் கரைந்துவிடும். பெறுபவரின் வயிற்றில் புதுத் துண்டை வைத்து, முதலில் கல்லீரல் சிரையைத் தைக்கிறார்கள், பிறகு போர்ட்டல் சிரையை. இந்த 30, 40 நிமிடங்களில் துண்டு ஐஸிலும் இல்லை, ரத்தமும் இல்லை. சுற்றிலும் 36 டிகிரி உடல், மேலே தியேட்டர் விளக்கு. திசு நிமிடத்துக்கு நிமிடம் சூடேறுகிறது, சூடேற ஏறப் பசி எடுக்கிறது, உணவோ வரவில்லை. ஐஸ்நீரில் நனைத்த துணியை அடியிலும் மேலிலும் வைத்துக்கொண்டே தைப்பது இதற்காக. குளிர்ச் சேமிப்பில் ஒரு மணி நேரம் கூடினால் பொறுத்துக்கொள்ளும் கல்லீரல், இந்த இடைவெளியில் பதினைந்து நிமிடம் கூடினால் பொறுக்காது.

தையல் முடிந்தது. திறப்பதற்கு முன் ஒரு கழுவல் உண்டு: துண்டுக்குள் தேங்கியிருக்கும் பொட்டாசியமும் அமிலமும் கலந்த குளிர்ந்த திரவத்தை அல்புமின் கலந்த நீராலோ, போர்ட்டல் ரத்தத்தின் முதல் சில நூறு மில்லியாலோ வெளியே அடித்துவிடுகிறார்கள். இதை அரைகுறையாகச் செய்தால் அந்தத் திரவம் நேரே இதயத்துக்குப் போகும். பிறகு, ரத்தக் குழாயை மூடிப் பிடித்திருந்த கிளாம்ப் திறக்கப்படுகிறது. வெளுத்திருந்த துண்டு, போர்ட்டல் சிரை நுழையும் பக்கத்திலிருந்து சிவப்பு பரவி, அரை நிமிடத்தில் நிறம் மாறுகிறது. திட்டுத்திட்டாக வெளுப்பு நின்றால் எங்கோ ஓட்டம் போகவில்லை. கருநீலமாக உப்பினால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. அதே கணத்தில் திரையில் மூன்று எண்கள் ஆடும். ரத்த அழுத்தம் சரியும். முதல் 5 நிமிடங்களில் 30 சதவீதத்துக்கு மேல் சரிந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால் அதற்கு மறு ஓட்ட நோய்க்குறி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறி இசிஜியில் டி அலை கூர்மையாகும். கால்சியம் குளோரைடும் சிறு அளவில் அட்ரினலினும் ஊசியில் ஏற்கெனவே தயாராக இருக்கும். மூன்றாவது எண் வெப்பம். ஐஸிலிருந்து வந்த அரைக் கிலோவுக்கு மேற்பட்ட சதையை உடலோடு இணைத்தால் வெப்பம் ஒரு டிகிரி வரை தடாலென்று இறங்கும். ஏற்கெனவே 35-ல் இருந்த நோயாளி 34-க்கு வந்து நிற்பார். குளிர்ந்த இதயம், ஏறிய பொட்டாசியம், உறையாத ரத்தம் மூன்றும் கைகோக்கும் இடம் அது. ஆகவே கிளாம்ப் திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நோயாளியை 36-க்கு மேல் ஏற்றி வைத்திருப்பது ஒரு முன்பணம்.

இந்தப் புள்ளிக்கு முன், துண்டின் ஒரே பிரச்சினை சாகாமல் இருப்பது. இதற்குப் பின், அது வேலை செய்ய வேண்டும், வளர வேண்டும். கொடையாளியின் வயிற்றில் இருக்கும் இடது மடல் முதல் கட்டத்துக்குள் போகவே இல்லை. அதற்கு ரத்தம் நிற்கவே இல்லை, அல்லது, ஈரலுக்குள் வரும் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் பிரிங்கிள் முறையில் 15 நிமிடம் மூடி 5 நிமிடம் திறந்து என்று தவணையில்தான் நின்றது. ஐஸ் அதற்கு எதற்கு?

விதிவிலக்கு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கட்டி பெரிய சிரைகளைச் சுற்றிக்கொண்டு, ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுதாக நிறுத்தினால்தான் வெட்ட முடியும் என்ற நிலையில், கல்லீரலை உடலுக்குள்ளேயே குளிர்ந்த கரைசலால் நிரப்பி வெட்டும் முறையை 1970-களிலேயே ஃபோர்ட்னர் செய்தார். ஹானோவரில் பிஷ்ல்மையர் ஒரு படி மேலே போய், கல்லீரலை வெளியே எடுத்து ஐஸில் வைத்து வெட்டித் திரும்பப் பொருத்தினார். ஆனால் இரண்டிலும் குளிர்விக்கப்பட்டது கல்லீரல், ஆள் அல்ல. ரத்தம் நின்றிருந்த நேரத்துக்கு மட்டும், பின்பு அல்ல. எலிகளில் மிதமான குளிர்ச்சி மீந்த கல்லீரலைக் காத்தது என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: எப்போது குளிர்வித்தார்கள், ரத்தம் நின்றிருந்தபோதா, வந்த பிறகா?

இன்னொன்றும் தேடுவேன்: ஒப்பீட்டு எலியின் வெப்பத்தை அளந்தார்களா? மயக்கமுற்ற சுண்டெலியை மேசைமேல் வயிற்றைத் திறந்து போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதன் உடல் சில டிகிரி இறங்கிவிடும். 25 கிராம் உடலில் சேமித்துவைக்க வெப்பம் ஏது? அதற்குச் சுகமான அறை வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது, நமக்குச் சுகமான 22 அல்ல. சூட்டுத் தட்டில் வைத்து, மலக்குடல் கம்பியால் 37 என்று பார்த்து, அறுவை முடிந்து எழுந்து நடக்கும் வரை சூட்டில் விட்டு, குடிநீரில் குளுக்கோஸ் கலந்து கொடுத்தால்தான் முடிவை நம்பலாம். கட்டும் நூலைப் பெருஞ்சிரைக்கு மிக நெருக்கமாகப் போட்டால் மீந்த மடலிலிருந்து ரத்தம் வெளியேறாது. தள்ளிப் போட்டால் செத்த சதை மிஞ்சும். இத்தனையும் சரியாக நடந்தும் எலி குளிர்ந்துபோயிருந்தால், 24 மணி நேரத்தில் வர வேண்டிய உச்சம் தள்ளிப்போய், "வளரவில்லை" என்று தப்பாகக் கணக்கெழுதப்படும்.

சூட்டைப் பிடித்துவைப்பது

மனிதரும் மேசைமேல் குளிர்கிறார், நிதானமாக. மயக்கம் கொடுத்த முதல் மணி நேரத்தில் 1 முதல் 1.5 டிகிரி இறங்குவது ஏசியினால் மட்டும் அல்ல. மயக்க மருந்து தோலின் ரத்தக் குழாய்களை விரிக்க, உடலின் நடுவே இருந்த சூடு கைகால்களுக்குப் பரவிவிடுகிறது. வெளியே போகாமலே உள்ளே தொலைந்த சூடு. அதனால்தான் மயக்கத்துக்குப் பிறகு போர்த்துவதைவிட, முன்பே அரை மணி நேரம் சூடான காற்றுப் போர்வையில் வைத்துக் கைகால்களைச் சூடாக்கிவிடுவது பலன் தரும். சூடான தோலுக்கு நடு உடலிலிருந்து வெப்பம் போக அவசியமில்லை. செலவில்லாத, அடிக்கடி தவிர்க்கப்படும் படியும் இதுதான். முதல் கேஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

பிறகு வருவது கசிவு. கல்லீரல் அறுவையில் விலா ஓரமாக நீளமாகத் திறந்த வயிறு மணிக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் சலைன் உடல் வெப்பத்தைச் சராசரியாக கால் டிகிரி இறக்கும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஏற்றும் ஒரு யூனிட் ரத்தமும் அதே அளவு. கல்லீரல் அறுவைக்கே உரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. வெட்டும்போது ரத்தக் கசிவைக் குறைக்க மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தத்தை, 5-க்குக் கீழே வைத்திருப்பார்கள். அதாவது திரவம் கொஞ்சமாகவே ஏறும். வெட்டி முடித்ததும் ஒன்றரை, இரண்டு லிட்டரை வேகமாக ஏற்றி ஈடுகட்டுவார்கள். சூடேற்றி மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றதாக இருந்தால், அந்த இரண்டு லிட்டரும் பாதிச் சூட்டில்தான் உள்ளே போகும். மூன்று மணி நேரம் காத்த 36.4, கடைசி இருபது நிமிடத்தில் 35.6 ஆகும். வயிற்றைக் கழுவ ஊற்றும் நீரும் அப்படியே: 38 டிகிரிக்கு மேல் சூடாக்கிய நீரைக் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டும். கழுவும் நீரைச் செவிலியர் மேசைமேல் ஊற்றிவைத்த கிண்ணம் பத்து நிமிடத்தில் ஆறிப்போவதை யாரும் அளப்பதில்லை. கொடையாளியின் வயிற்றில் ஐஸ் தவறிக்கூட விழக் கூடாது. பக்கத்து மேசையில் ஐஸ் உடைபடும் நாள் அது.

எங்கே அளப்பது? உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி நல்ல இடம். சிறுநீர்ப்பைக் கம்பி, சிறுநீர் குறைந்திருக்கும் இந்த அறுவையில் பின்தங்கிய எண்ணைக் காட்டும். தோலில் ஒட்டும் பட்டை நோயாளியின் வெப்பத்தைவிடப் போர்வையின் வெப்பத்தையே சொல்லும்.

குளிர்ந்த நோயாளியின் ரத்தம் உறையாமல் கசிவது பலருக்குத் தெரியும். அதைப் பரிசோதனைக்கூடம் காட்டிக்கொடுக்காது என்பது அவ்வளவாகத் தெரியாது. கூடத்தில் மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். எண்களைப் பார்ப்பார்கள். 34.5-ல் படுத்திருக்கும் ஆளின் ரத்தம் குழாய்க்குள் போய்ச் சூடானதும் நன்றாக உறைந்து, தாளில் நல்ல எண்ணாக வரும். வெட்டுப்பரப்பில் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். தாளை நம்பி பிளாஸ்மா கேட்பதை நிறுத்துவதும் தப்பு, நம்பாமல் பை பையாக ஏற்றுவதும் தப்பு. முதல் மருந்து சூடு. தசை தளர்த்தும் வெக்குரோனியம் 2 டிகிரி குறைவில் இரட்டிப்பு நேரம் நீடிக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கல்லீரல் பாதியான ஆளில் இன்னும் கூடும்.

1996-ல் குர்ஸும் செஸ்லரும் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில் 34.7 டிகிரிக்கு இறங்கியவர்களுக்குக் காயத் தொற்று 19 சதவீதம், 36.6-ல் காக்கப்பட்டவர்களுக்கு 6 சதவீதம். இதைப் பிடித்துக்கொண்டு 37-க்குக் கீழே எல்லாமே ஆபத்து என்று சொல்கிறவர்களும் உண்டு. 2022-ல் வெளிவந்த ப்ரொடெக்ட் ஆய்வு அவர்களுக்குப் பதில்: ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 35.5-ஐயும் 37-ஐயும் ஒப்பிட்டதில் இதயக் காயம் முதலியவற்றில் வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே யாருடைய மீந்த கல்லீரலையும் யாரும் அளக்கவில்லை. அரை டிகிரிக்காகச் சண்டை போட மாட்டேன், 34-க்காகப் போடுவேன்.

மூளைக்கு வேண்டியது, ஈரலுக்கு வேண்டாதது

குளிர் வேண்டும் என்ற கட்சிக்கு ஒரு வலுவான இடம் உண்டு. திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் அம்மோனியா ஏறி மூளை வீங்கும். 1999-ல் எடின்பரோவில் ஜாலனும் குழுவினரும், வேறு எதற்கும் அடங்காத மண்டையோட்டு அழுத்தம் கொண்ட 7 பேரை 32, 33 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். அழுத்தம் இறங்கியது. மாற்றுக் கல்லீரலுக்குத் தகுதி இருந்தவர்கள் அறுவை வரை தாங்கினார்கள். தகுதி இல்லாதவர்களோ திரும்பச் சூடாக்கியபோது பிழைக்கவில்லை. இந்த இரண்டாவது வரியை அடிக்கடி விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். புதுக் கல்லீரல் வரப்போகிறது என்றால் பழையது வளர்கிறதா என்ற கவலை இல்லை. குளிர் நேரத்தை வாங்கித் தருகிறது. புதிது வரப்போவதில்லை, பழையதே எழுந்தாக வேண்டும் என்றால், எழ வேண்டியதையே குளிர் படுக்கவைக்கும். எல்லோரையும் முன்கூட்டியே 34-க்குக் குளிர்விப்பதை 36-உடன் ஒப்பிட்டு 2016-ல் வந்த ஆய்வு சிறியது. அதில் மூளை அழுத்தத்திலும் பலன் தெரியவில்லை. இன்று பெரும்பாலான ஐ.சி.யூ-க்கள் காய்ச்சலைத் தவிர்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

மூன்றாம் நாள் தாள்

காய்ச்சல் என்றதும் வீட்டார் ஈரத்துணியோடு எழுந்துவிடுவார்கள். ஈரல் வியாதி என்றாலே சூடு, சூடு என்றாலே குளிர்ச்சி கொடு என்று இளநீர், மோர், கீழாநெல்லி வரை ஒரு வரிசை நம்மிடம் தயாராக இருக்கிறது. கல்லீரலில் பெரும்பங்கை எடுத்த பிறகு முதல் இரண்டு இரவுகளில் 38-ஐ ஒட்டி ஏறுவது வழக்கம். அதை ஏற்றுபவற்றில் ஒன்று, மேலே பார்த்த அதே இன்டர்லூக்கின்-6. கல்லீரல் செல்லைத் தட்டி எழுப்பும் செய்தியே மூளையில் வெப்ப அளவையும் கூட்டுகிறது. காய்ச்சல் வந்தால்தான் வளரும் என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த இளஞ்சூட்டை ஐஸ் பையால் அடக்க அவசரம் இல்லை என்றுதான் பொருள். வெளிப்புறக் குளிர்ச்சி கொடுத்தால் ஆள் நடுங்குவார். நடுக்கம் ஆக்ஸிஜன் செலவை இரட்டிப்பாக்கும், அந்தச் செலவு 420 கிராம் ஈரலின் பங்கிலிருந்தும் போகும். மயக்கம் தெளியும் அறையில் நடுக்கம் வந்தால் முதலில் சூடான காற்றுப் போர்வை, நிற்காவிட்டால் நடுக்கத்தை அடக்கும் பெதிடின் மருந்து 25 மில்லிகிராம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் காய்ச்சல், அல்லது குளிரோடு வரும் காய்ச்சல் வேறு கதை: வடிகுழாயில் பித்தம் வருகிறதா, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா, சிரைக் குழாய் பழுத்திருக்கிறதா என்று தேட வேண்டும். பாராசிட்டமால் முழு அளவில் இல்லை. பல இடங்களில் நாளுக்கு 2 கிராமோடு நிறுத்துகிறார்கள்.

துண்டு வளர்கிறதா என்று ஸ்கேன் எடுக்காமல் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. ஐ.என்.ஆர். முதல் இரண்டு நாள் ஏறி மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளிலும், உறைதலைக் காட்டும் புரோத்ராம்பின் அளவு 50 சதவீதத்துக்குக் கீழேயும், மஞ்சள் காமாலையின் நிறமியான பிலிருபின் 2.9-க்கு மேலேயும் நின்றால் ஆபத்து என்பது 2005-லிருந்து வழக்கத்தில் இருக்கும் கணக்கு. இவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே தாளில் கீழே தள்ளி அச்சாகியிருக்கும் பாஸ்பேட்டைப் பலர் பார்ப்பதில்லை. பெரிய அறுவைக்குப் பின் முதல் மூன்று நாட்களில் அது 2-க்குக் கீழே விழும். வளரும் கல்லீரல் தின்றுவிடுகிறது என்று நெடுங்காலம் சொன்னார்கள். சிறுநீரில் கழிவதே பெரும்பங்கு என்று பிறகு தெரிந்தது. எப்படியானாலும் விழுந்தால் ஊசி வழியே ஈடுகட்ட வேண்டும், இல்லையேல் மூச்சுத் தசை தளரும். வேடிக்கை என்னவென்றால், அது விழாமல் 'நார்மல்' என்றே நின்றால்தான், துண்டு வளரவில்லையோ என்று விவரம் தெரிந்தவர்கள் கவலைப்படுகிறார்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, நேரே படுக்கைக்குப் போய், ஆள் தெளிவாகப் பேசுகிறாரா, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிறதா என்று பார்ப்பார்கள்.